24 மணி நேரம் ஓட்டுகிறவர்கள்

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அன்றிரவு ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் யாருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்தாலும் அதுதான். மறுநாள் எங்கள் மாலை நேரப் படிப்பகத்தில் பாடம் நடக்கவில்லை. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்கும் ஒரு தம்பி, தேசியக் கொடியோடு அஜித் ஓடும் வீடியோவை நான்கு முறை போட்டுக் காட்டிவிட்டுக் கேட்டான்: "அக்கா, ரேஸ் டிரைவர் ஆகணும்னா எந்தக் கோர்ஸ்ல சேரணும்?"

"மொதல்ல ஷேர் ஆட்டோ ஓட்டிப் பழகுடா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. வக்கீலாக, நர்ஸாக, எஸ்.ஐ.யாக என்ன படிக்க வேண்டும் என்று கேட்டால் எங்களிடம் பதில் இருக்கிறது. எந்தக் கல்லூரி, என்ன கட்டணம், எந்த உதவித்தொகை, சாதிச் சான்றிதழுக்கு எந்த அலுவலகம் என்று வரிசையாகச் சொல்வோம். கபடிக்கும் கால்பந்துக்கும்கூட ஏதாவது ஒரு வழி சொல்வோம். இந்தக் கேள்விக்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தபோது கிடைத்தது ஒரு வரலாறு. அது நம்முடைய புறநகரிலேயே நடந்த வரலாறு என்பதால் தோழர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் அந்தப் பந்தயம் என்னவென்று பார்த்துவிடலாம். நாம் டிவியில் பார்க்கும் ஃபார்முலா ஒன் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு கார், ஒரு ஓட்டுநர். எண்டூரன்ஸ் பந்தயம் வேறு மாதிரி. பிரான்சில் லே மான் என்ற ஊரில் 1923 முதல் நடப்பது இதில் பெரியது. பந்தயத் தடம் 13.6 கிலோமீட்டர், அதில் ஒரு பகுதி மற்ற நாட்களில் மக்கள் போய்வரும் சாதாரண ரோடு. சனிக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை அதே நேரம்வரை கார் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள். ஒருவர் ஓட்டும்போது ஒருவர் தூங்குவார், ஒருவர் தயாராக நிற்பார். ஆறு மணி நேரத்துக்குள் ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. மொத்தத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இங்கே ஒரே சுற்றில் வேகமாகப் போவது பெரிய காரியமில்லை. இருட்டிலும் மழையிலும் காரை உடைக்காமல் ஓட்டி, அடுத்தவரிடம் ஒழுங்காக ஒப்படைக்க வேண்டும். பிட்டில் மெக்கானிக் தவறவிடும் ஒரு நட்டு மூன்று ஓட்டுநர்களின் உழைப்பையும் வீணாக்கிவிடும். தனி ஆள் வீரத்துக்கு இதில் அதிக இடமில்லை. கூட்டு உழைப்புத்தான் ஆட்டமே. அதனாலோ என்னவோ, தேடத் தொடங்கிய பிறகு இந்தப் பந்தயம் எங்களுக்கு ரொம்பவும் பிடித்துப்போனது.

தமிழ்நாட்டிலிருந்து இரண்டு பேர் லே மான்வரை போயிருக்கிறார்கள். முதலாமவர் கோவையின் நரேன் கார்த்திகேயன். 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரானவர். 2009இல் கோலஸ் அணியின் ஆடி ஆர்10 காரில் லே மானுக்குப் போனார். பந்தயம் தொடங்கும் வேளையில் பிட் சுவரிலிருந்து விழுந்து தோள்பட்டை விலகிவிட்டது. அவரால் பந்தயத்தில் ஓட்ட முடியவில்லை. மூன்று பேர் ஓட்ட வேண்டிய காரை ஆந்த்ரே லோட்டரர், சார்லஸ் ஸ்வால்ஸ்மன் என்ற இரண்டு பேர் முழுக்க ஓட்டி ஏழாம் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் ஆடி நிறுவனம் லோட்டரரைத் தன் சொந்த அணியில் சேர்த்துக்கொண்டது. அவர் பிறகு மூன்று முறை லே மான் வென்றார். நரேன் அதோடு நின்றுவிடவில்லை. 2019இல் ஜப்பானில் சூப்பர் ஜிடி ஓட்டினார். 2021இல் ஆசிய லே மான் தொடரில் முழுக்க இந்தியர்களே ஓட்டிய அணியில் இருந்தார்.

இரண்டாமவர் சென்னையின் கருண் சந்தோக். 1984இல் பிறந்தவர். 2001இல் ஃபார்முலா ஆசியா பட்டம், பிறகு இங்கிலாந்து, ஜிபி2 பந்தயங்கள், 2010இல் ஹிஸ்பானியா அணியில் ஃபார்முலா ஒன். அங்கே பாதிப் பருவத்தோடு இருக்கை போய்விட்டது. 2011இல் லோட்டஸ் அணிக்காக ஜெர்மனியில் ஒரே ஒரு பந்தயம். பலருக்கு வாழ்க்கை அங்கேயே முடிந்திருக்கும். அவர் எண்டூரன்ஸ் பக்கம் திரும்பினார். 2012இல் ஜேஆர்எம் அணியின் காரில் டேவிட் பிரபாம், பீட்டர் டம்பிரெக் ஆகியோரோடு லே மானில் ஓட்டி, மொத்த வரிசையில் ஆறாம் இடம் பிடித்தார். லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். அதற்குப் பிறகு மர்ஃபி புரோட்டோடைப்ஸ், டாக்வித் போன்ற அணிகளோடு மீண்டும் மீண்டும் அங்கே போனார். இன்று டிவியில் ஃபார்முலா ஒன் வர்ணனையாளர்.

இந்த இருவரின் உழைப்பையும் திறமையையும் நாங்கள் ஒரு கடுகளவும் குறைத்துச் சொல்லவில்லை. இரவு மூன்று மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரை அப்பாவின் பெயர் திருப்பித் தராது. ஆனால் அந்த காருக்குள் உட்காரும்வரை வந்த வழியை வரலாறாகப் பார்த்தால், அது இவர்கள் பிறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. அதுவும் ஆவடியிலிருந்து செங்குன்றம் வழியாகப் போனால் எட்டிவிடும் தூரத்தில்.

சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, விமானம் போனது, தளம் மிஞ்சியது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்து சந்தோக், கருணின் தாத்தா. கிளப்காரர்கள் அந்த ஓடுதளத்தில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தினார்கள். எண்பதுகளின் இறுதிவரை சோழவரம் பந்தயம் என்றால் இந்தியா முழுக்கத் தெரியும். ஓட்டியவர்கள் யார்? கோண்டல் அரச குடும்பத்தவர் ஓட்டினார். விஜய் மல்லையா பழைய ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். கோவை ஆலை முதலாளி குடும்பத்தின் கரிவரதன் ஓட்டினார். பார்த்தவர்கள் யார்? ஆயிரக்கணக்கில் கூடிய ஜனம். எங்கள் பகுதிப் பெரியவர் ஒருவர் இன்றும் சொல்வார், "சைக்கிள்ல டபுள்ஸ் போய் வெயில்ல நின்னு பாத்தோம். சத்தம் காதுலயே ரெண்டு நாள் இருக்கும்." அவர் வேலி ஓரம் நின்று பார்த்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் போனதில்லை. யாரும் தடுத்ததாகவும் அவர் சொல்லவில்லை. அந்தப் பக்கம் போகலாம் என்ற நினைப்பே வந்ததில்லை என்றுதான் சொன்னார்.

1990இல் கிளப் தன் சொந்தப் பந்தயத் தடத்தைத் திறந்தது. பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கம் தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டையில், சுமார் 3.7 கிலோமீட்டர். நரேன் முதலில் ஓட்டிப் பழகியது இந்தத் தடத்தில்தான். கரிவரதன் மாருதி 800 உதிரிபாகங்களை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார் ஒரு தலைமுறைக்கே பள்ளிக்கூடமாக இருந்தது. செலவைக் குறைத்து நிறையப் பேரை உள்ளே கொண்டுவந்த அந்த மனிதர் 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் செய்தது பெரிய காரியம் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் "குறைந்த செலவு" என்பதும் கார் வாங்கக்கூடிய குடும்பத்துக்குத்தான் குறைந்த செலவு.

நரேனின் தந்தை தென்னிந்திய ராலியில் பலமுறை வென்றவர். கருணின் தந்தை விக்கி சந்தோக் ராலி ஓட்டியவர், இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்தவர். சென்னையின் அர்மான் இப்ராகிமின் தந்தை அக்பர் இப்ராகிம் சோழவரத்து வீரர், பயிற்சியாளர். பெண்களில் பெயர் பெற்ற அலிஷா அப்துல்லாவின் தந்தையும் பைக் பந்தய வீரர். சமூகவியல் முதுகலை படித்த காலத்தில் பூர்தியூ சொன்ன பண்பாட்டு மூலதனத்தைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். அது என்னவென்று புரிய இந்தப் பட்டியல் போதும். பணம் மட்டும் கைமாறவில்லை. எட்டு வயதில் யாருடைய கேரேஜில் விளையாடினோம், எந்த அங்கிளுக்கு ஃபோன் செய்தால் ஸ்பான்சர் கிடைக்கும், லைசென்ஸுக்கு எங்கே விண்ணப்பிப்பது, இங்கிலாந்தில் எந்த அணியைப் பார்ப்பது, எல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கிறது. சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிக்க வேண்டிய தேவையே இல்லாமல் ஒரு துறை மூன்று தலைமுறையாக ஒரே வட்டத்துக்குள் சுற்றிவர முடியும்.

இனி இன்னொரு பக்கம். இதே காலத்தில் இதே மேற்குப் புறநகரில் என்ன நடந்தது? 1959இல் அம்பத்தூரில் டன்லப் டயர் தொழிற்சாலை. அறுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி. தொண்ணூறுகளில் இருங்காட்டுக்கோட்டையிலேயே, பந்தயத் தடத்துக்குப் பக்கத்திலேயே, ஹூண்டாய். டயர், சக்கரம், பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார், முழுக் கார், டாங்கி. ஒரு வண்டிக்கு வேண்டிய அத்தனையும் இந்தப் பகுதியில் செய்திருக்கிறார்கள். எங்கள் காலனியில் அந்த வரிசையின் ஏதோ ஒரு கம்பெனிக்கோ அதற்குச் சரக்கு கொடுக்கும் லேத் பட்டறைக்கோ போகாத வீடு குறைவு. பெரும்பாலும் கான்ட்ராக்ட் வேலை. வண்டிக்கும் நமக்கும் உள்ள உறவு அறுபது வருடத்துப் பழையது. அந்த உறவில் ஓட்டுநர் இருக்கை மட்டும் வரவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். கிரிக்கெட்டும் ராஜாக்களின் ஆட்டமாகத்தானே இருந்தது, அங்கே நம்மவர் நுழையவில்லையா? நுழைந்தார். பல்வங்கர் பாலூ. புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதான வேலைக்குச் சேர்ந்த தலித் இளைஞர். துரைமார்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து போடப் போட, அவர் கை தேர்ந்தது. இந்து அணிக்கு வேறு வழியில்லாமல் அவரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆட்ட இடைவேளையில் தனியாக மண்குவளையில் தேநீர் கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்து போன முதல் அகில இந்திய அணியில் விக்கெட்டுகளைக் குவித்தவர் அவரே. கேப்டன் பதவி மட்டும் அவருக்குத் தரப்படவில்லை. அவர் தம்பி விட்டல்தான் 1923இல் இந்து அணிக் கேப்டனானார்.

பாலூவுக்குக் கிடைத்தது அவமானம் நிறைந்த ஒரு வாசல், ஆனாலும் வாசல். மைதானம் பெருக்குகிறவர் கையிலும் பந்து வரும். பந்தயத் தடத்தில் அப்படி ஒன்று கிடையாது. டயர் மாற்றுகிறவருக்கு ஒரு சுற்று ஓட்டக் கார் தர மாட்டார்கள். திறமை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே காசு வேண்டும். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரைச் சென்னையில் ஒரு கோ-கார்ட் மையத்துக்குக் கூட்டிப்போனோம். சில நிமிட ஓட்டத்துக்கு அவர்கள் கேட்ட தொகை, அந்தப் பையனின் அம்மா இரண்டு நாள் வீட்டு வேலை செய்தால் வருவது. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம். சோழவரத்துப் பெரியவர் மாதிரியே.

அமெரிக்காவில் கறுப்பினத்தவர் இந்த வேலியை எப்படித் தாண்டினார்கள்? வெண்டல் ஸ்காட், வர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் ஊர்க்காரர். டாக்சி ஓட்டினார், ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்தார், கள்ளச் சாராயம் கடத்தும் காரும் ஓட்டினார். பழைய காரை வாங்கித் தன் கையாலேயே சரிசெய்து பந்தயத்தில் இறங்கினார். பிள்ளைகள்தான் பிட் ஆட்கள். 1963 டிசம்பர் 1 அன்று ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில்லில் நாஸ்கார் பந்தயத்தில் முதலாவதாக வந்தார். கோப்பையை இரண்டாவதாக வந்த வெள்ளைக்கார ஓட்டுநர் கையில் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்து பல மணி நேரம் கழித்து, கணக்கில் பிழை என்று சொல்லி வெற்றியை ஸ்காட் பெயருக்கு மாற்றினார்கள். 1990இல் அவர் இறக்கும்வரை அவருக்கு உரிய கோப்பை வந்து சேரவில்லை. அவர் குடும்பத்தின் கையில் அது கிடைத்தது 2021இல்.

அதே 2021இல், ஏழு முறை உலகச் சாம்பியனான லூயிஸ் ஹாமில்டன் அமைத்த குழு, பிரிட்டன் மோட்டார் விளையாட்டில் கறுப்பினத்தவர் ஏன் இல்லை என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அது ஓட்டுநர் இருக்கையோடு நிற்கவில்லை. பொறியாளர், மெக்கானிக் வேலைகள், பள்ளிக்கூடங்களில் கணிதம், அறிவியல் பாடம்வரை போய்ப் பார்த்தது. தன் அப்பா பல வேலை பார்த்துக் கார்ட் வாங்கிக் கொடுத்ததை ஹாமில்டன் தனிப்பட்ட சாதனைக் கதையாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. நம் ஊரில் அப்படி ஒரு கணக்கெடுப்பை யாராவது கேட்டிருக்கிறோமா? நாங்களும் கேட்டதில்லை. நம் உரிமைப் பட்டியலில் கல்வி, நிலம், வேலை, வன்கொடுமை வழக்கு எல்லாம் இருக்கின்றன. விளையாட்டு கடைசியில் வருகிறது; காசு அதிகமுள்ள விளையாட்டு வருவதே இல்லை. "சோத்துக்கே வழியில்ல, இதுல ரேஸா" என்று எங்களுக்குள்ளேயே ஒரு தோழர் கோபப்பட்டார். அவர் கோபம் நியாயமானதுதான். ஆனாலும் ஒரு பிள்ளை எதற்கு ஆசைப்படலாம் என்பதை அவன் சோற்றுக் கணக்கு முடிவுசெய்வதும் சாதி செய்யும் வேலைதானே.

அஜித்தை உதாரணம் காட்டுவீர்கள். காட்டத்தான் வேண்டும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், மெக்கானிக் வேலை பழகியவர், பைக் பந்தயத்தில் தொடங்கியவர். 2003இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010இல் ஃபார்முலா 2 ஓட்டினார். 2025இல் 53 வயதில் துபாய்க்குப் போனார்; பயிற்சியில் கார் மோதிச் சிதறிய பிறகும் திரும்பி வந்தார். அவரிடம் உள்ள பிடிவாதம் யாருக்கும் வாய்க்கட்டும். ஆனால் மெக்கானிக் பட்டறைக்கும் துபாய்த் தடத்துக்கும் நடுவில் முப்பது வருடச் சினிமா இருக்கிறது. அந்தப் பாதையை ஐ.டி.ஐ. தம்பிக்கு நாங்கள் எப்படிச் சொல்லித்தருவது?

எண்டூரன்ஸில் இன்னொரு சுவாரசியம் உண்டு. உலக அமைப்பு ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கிறது. லே மானின் ஜிடி3 பிரிவில் ஒவ்வொரு காரிலும் குறைந்தது ஒரு வெண்கலத் தர ஓட்டுநர் இருந்தாக வேண்டும். வெண்கலம் என்றால் பெரும்பாலும் ஆசைக்கு ஓட்டும் தொழிலதிபர். அணியின் செலவில் பெரும்பங்கு அவர் பையிலிருந்து வரும். தொழில்முறை ஓட்டுநருக்கு அந்தக் காரில்தான் சம்பளம். அதாவது பணக்காரருக்கு இடம் ஒதுக்க அங்கே எழுதப்பட்ட விதியே இருக்கிறது. நம் இட ஒதுக்கீட்டைப் பார்த்துத் "தகுதி போச்சு" என்று அழுகிறவர்கள் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன எண்களுக்கு வருவோம். ஆறு மணி நேரத்தில் நான்கு, மொத்தம் 14. இதைப் படிப்பகத்தில் சொன்னபோது ஒரு தங்கை, "எங்கப்பா அதுக்கு மேல ஓட்டுவாரே" என்றாள். அவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எண்ணூர் துறைமுகத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு. பகலில் கனரக வண்டிக்குத் தடை உள்ள நேரம் காத்திருப்பு, துறைமுக வாசலில் வரிசை, பிறகு ராத்திரி ஓட்டம். இருபது மணி நேரம் வண்டியிலேயே போகும் நாட்கள் உண்டு. மாற்று ஓட்டுநர் கிடையாது. 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 என்று வரையறுத்தது. அந்தச் சட்டத்தின் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. பூந்தமல்லி புறவழிச் சாலையில் அவர் வண்டி போகும் அதே ரோட்டில்தான் பந்தயக் கார்களை ஏற்றிய டிரெய்லர்கள் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகின்றன.

ஓட்டுவது நமக்குப் புதிய தொழில் இல்லை. தாட்கோ கடனில் வாங்கிய சரக்கு வண்டி, ஷேர் ஆட்டோ, கால் டாக்சி, குப்பை லாரி, ஆம்புலன்ஸ். கூலிக்கு ஓட்டும் எல்லா இருக்கையிலும் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். புகழுக்கு ஓட்டும் இருக்கை ஒன்றுதான் பாக்கி. தன்னைத் தலித் என்று சொல்லிக்கொண்டு அதில் உட்கார்ந்த ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று எங்கள் கூட்டத்தில் கேட்டோம். யாருக்கும் வாய் திறக்க வரவில்லை.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது. அரசு முன்னின்று நடத்தியது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய் அனுமதி வந்தது. அந்தப் பந்தயம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பொது ரோடு, பொது நிர்வாகம் இறங்கும் இடத்தில் பொதுமக்களின் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதே 2024இல்தான் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்குத் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அந்த நிதியில் ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளுக்குக் கார்ட்டிங் பயிற்சி, இருபது ஐ.டி.ஐ. மாணவர்களுக்குப் பந்தய மெக்கானிக் பயிற்சி என்று கேட்டால் என்ன? தடம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராக இருக்கிறது. மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கும் ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட விரும்பும் மாணவர் அமைப்புகள் எங்களுக்கு எழுதுங்கள். மனுவில் "பந்தய ஓட்டுநர்" என்ற சொல்லுக்கு முன்னால் "முதல் தலைமுறை" என்று சேர்க்க வேண்டும் என்பது அந்தத் தம்பியின் திருத்தம். சேர்த்துவிட்டோம்.

லே மான் ஒவ்வொரு ஜூனிலும் நடக்கிறது. அங்கே சனிக்கிழமை மாலை நான்கு மணி என்றால் நமக்கு இரவு ஏழரை. இந்த முறை படிப்பகத்தில் புரொஜெக்டர் போட்டு விடியவிடியப் பார்க்கலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். மூன்று குழுவாகப் பிரிந்து, ஒரு குழு பார்க்கும்போது ஒரு குழு தூங்குமாம். கன்டெய்னர் ஓட்டும் அண்ணனுக்கு அன்றைக்கு டூட்டி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறோம். லீவு கிடைத்தால் வருகிறேன் என்றார்.